ஐந்து மணி நேரப் போட்டி, ஐயாயிரம் ரவுண்டு ஸ்பாரிங்

"தலையில் மொத்தம் எத்தனை அடி வாங்கியிருப்பீர்கள்?" என்று நரம்பியல் மருத்துவர் கேட்டார். "குத்துச்சண்டையில் 34 பவுட் ஆடியிருக்கிறேன் டாக்டர்" என்றேன். குறித்துக்கொண்டவர் நிமிர்ந்து பார்த்து, "அது போட்டி. பயிற்சியில்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. 34 பவுட்டிலும் எதிரே நின்றவர் யார், எந்த ரவுண்டில் என்ன நடந்தது என்று இப்போது எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பயிற்சிக் கூடத்தில் வாங்கிய அடிகளை நான் ஒருநாளும் எண்ணியதில்லை. அவற்றை அடி என்றே நினைத்ததில்லை.

அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு பவுட் மூன்று ரவுண்டு, ரவுண்டுக்கு மூன்று நிமிடம். இடையில் நிறுத்தப்பட்டவை, ஆரம்பத்தில் ஆடிய இரண்டு நிமிட ரவுண்டுகள் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால், ஒன்பது வருடத்தில் நான் போட்டி ரிங்கில் நின்றது ஐந்து மணி நேரம்கூட வரவில்லை. ஸ்பாரிங், அதாவது பயிற்சிக் கூடத்தில் ஒருவரோடு ஒருவர் மோதிப் பழகுவது, வாரத்துக்கு மூன்று நாள். ஒரு நாளைக்கு ஐந்து ரவுண்டு என்று குறைத்தே வைத்தேன். வருடத்துக்கு 44 வாரம், எட்டு வருடம். 5,280 ரவுண்டு வந்தது. கூட்டல் தப்பு என்று நினைத்து மறுபடி போட்டேன். அதே எண். மணிக்கணக்கில் பார்த்தால் 264. அதில் பாதி மென்மையாக ஆடியது என்று வைத்துக்கொண்டாலும், என் தலைக்கு வந்த அடிகளில் பெரும்பங்கு யாரும் பார்க்காத, யாரும் குறித்துவைக்காத சாதாரண மாலைகளில் வந்திருக்கிறது. பதக்கம் எதுவும் கிடைக்காத இடத்தில்தான் நான் அதிகம் செலவழிந்திருக்கிறேன். இதை 18 வயதில் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் என்ற ஏக்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

2008இல், 16 வயதில், நண்பனோடு சும்மா பார்க்கப் போய்ச் சேர்ந்துவிட்டவன் நான். முதல் ஒரு மாதம் ஸ்கிப்பிங், காற்றில் குத்திப் பழகும் ஷேடோ பாக்சிங், தொங்கும் மூட்டையைக் குத்தும் பேக். காலை எப்படி வைப்பது, முன்னால் நீட்டிய கையால் நேராகக் குத்தும் ஜாப் எப்படிப் போடுவது என்று மாஸ்டர் பொறுமையாகத்தான் சொல்லிக்கொடுத்தார். ஆறாவது வாரம் ரிங்கில் ஏற்றிவிட்டார். எதிரே நின்றவர் என்னைவிட நான்கு வயது மூத்தவர், பத்துப் பதினைந்து பவுட் பார்த்தவர். இரண்டு ரவுண்டு. மூக்கில் ரத்தம் ஒழுகியது, கண்ணில் தண்ணீர் முட்டியது, ஆனாலும் பின்வாங்கவில்லை. இறங்கி வந்ததும் மாஸ்டர் என் தோளைத் தட்டி, "பையன் நல்லா தாங்குறான்டா" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். அன்று இரவு சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை. அதற்கு முன் என்னை யாரும் அப்படிப் பத்துப் பேர் முன்னால் பாராட்டியதில்லை.

அந்தப் பாராட்டுதான் என்னைக் கெடுத்தது. அடுத்த சில வருடங்கள் நான் என்னை அறியாமல் அந்தச் சொல்லுக்காகவே ஆடினேன். தலையை அசைத்து நழுவுவது, அடித்துவிட்டுக் கோணம் மாறி வெளியேறுவது எல்லாம் எனக்குத் தாமதமாகத்தான் வந்தன. தாங்க முடிகிறவனுக்கு அவை அவசரமாகத் தோன்றாது. எங்கள் கூடத்தில் அடி படாமல் ஆடுகிற ஒரு பையன் இருந்தான். அவனை யாரும் கைதட்டிப் பாராட்டியதில்லை. "ஓடுகிறான்" என்பார்கள். இன்று யோசித்தால், அந்தக் கூடத்திலேயே குத்துச்சண்டையைச் சரியாகக் கற்றவன் அவன் ஒருவன்தான்.

புதிதாகச் சேர நினைப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இரண்டு மாலை சும்மா போய் ஓரமாக நின்று பாருங்கள். கோச் எதற்குச் சத்தமாகப் பாராட்டுகிறார் என்று கவனியுங்கள். புதியவரை யாரோடு ஜோடி சேர்க்கிறார்கள், எடையும் அனுபவமும் பார்க்கிறார்களா, ஒருவர் தடுமாறினால் யாராவது நிறுத்துகிறார்களா, அல்லது சுற்றி நிற்பவர்கள் இன்னும் ஏற்றிவிடுகிறார்களா என்று பாருங்கள். முதல் மூன்று நான்கு மாதம் தலைக்கு அடிக்கிற ஸ்பாரிங் தேவையே இல்லை. ஜாப் மட்டும் போடுவது, உடம்புக்கு மட்டும் அடிப்பது, ஒருவர் அடிக்க மற்றவர் தடுக்க மட்டும் செய்வது என்று எத்தனையோ வழி இருக்கிறது. தூரமும் நேரமும் அதிலேயே பிடிபட்டுவிடும்.

2009இல் முதல் பவுட். ஜெயித்தேன். ரெஃப்ரி என் கையைத் தூக்கிய அந்த நொடியை இன்றும் நான் மறுக்கமாட்டேன். அது நல்ல நொடி. இந்த விளையாட்டு எனக்கு ஒழுங்கைக் கொடுத்தது, பயத்தோடு எப்படி நடப்பது என்று கற்றுக்கொடுத்தது. அதனால் குத்துச்சண்டையே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. நான் ஆடிய விதத்தில் பாதி தேவையில்லாதது என்பதுதான் என் வருத்தம்.

அடுத்த வருத்தம் எடை. என் உடம்பு இயல்பாக 66 கிலோ. எனக்குச் சரியான பிரிவு 64. ஆனால் 60இல் ஆடினால் எதிரில் வருபவர் சிறியவராக இருப்பார், உன் கை நீளம் வேலை செய்யும் என்று சொன்னார்கள். நானும் நம்பினேன். எதிரில் வருபவர்களும் அதே கணக்கில் மேலிருந்து இறங்கி வந்தவர்கள்தான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. ஒவ்வொரு போட்டிக்கும் முன் முதலில் சாப்பாட்டைக் குறைத்து இரண்டரை கிலோ, கடைசி நான்கு நாளில் தண்ணீரைக் குறைத்து மூன்றரை கிலோ. காற்று புகாத சூட்டைப் போட்டுக்கொண்டு ஓடுவேன். தராசில் ஏறி வெயிட் எடுப்பதற்கு முந்தின இரவு வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டுப் படுப்பேன். தாகத்தில் ஒரு மணிக்கு ஒரு தரம் விழிப்பு வரும்.

தொழில்முறைக் குத்துச்சண்டையில் முந்தின நாளே வெயிட் எடுத்துவிடுவார்கள், உடம்பு ஓரளவு தேற ஒரு இரவு கிடைக்கும். அமெச்சூரில் அப்படி இல்லை. பவுட் இருக்கிற ஒவ்வொரு நாளும் காலையில் தராசில் ஏற வேண்டும். வெயிட் முடிந்து முதல் பவுட் தொடங்க மூன்று மணி நேர இடைவெளி போதும் என்பது விதி. ஐந்து நாள் போட்டி என்றால், ஜெயிக்க ஜெயிக்கத் திரும்பத் திரும்ப எடையைப் பிடித்துவைக்க வேண்டும். உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு தண்ணீர் போனாலே தாக்குப்பிடிக்கும் சக்தி குறைய ஆரம்பித்துவிடும். நான் ஐந்து பங்குக்கு மேல் இறக்கிக்கொண்டிருந்தேன். 2012இல் ஒரு அரையிறுதி. முதல் ரவுண்டில் நன்றாக ஆடினேன். இரண்டாவது ரவுண்டு பாதியில் கால் என்னுடையதாகவே இல்லை. அடி வருவது தெரிகிறது, நகரச் சொன்னால் கால் நகரவில்லை. அந்த ரவுண்டில் வாங்கியதெல்லாம் நான் 64இல் ஆடியிருந்தால் வாங்கியிருக்கத் தேவையில்லாத அடிகள்.

1997ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் ஏறக்குறைய ஒரு மாதத்துக்குள் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இதே மாதிரி சூட்டைப் போட்டுக்கொண்டு, சூடான அறையில் வியர்த்து எடை இறக்கும்போது இறந்துபோனார்கள். அதன்பிறகுதான் அங்கே கல்லூரி மல்யுத்தத்தின் எடை விதிகளை மாற்றினார்கள். எனக்கு இது ஓய்வு பெற்ற பிறகுதான் தெரியும். நான் அந்தச் சூட்டில் ஓடிய நாட்களில் என்னோடு யாரும் இருந்ததில்லை. கதவைச் சாத்திக்கொண்டு தனியாகத்தான் செய்வேன். போட்டி இல்லாத சாதாரண வாரத்தில் காலையில் எழுந்து பார்க்கிற எடை என்னவோ அதற்குப் பக்கத்தில் இருக்கும் பிரிவில் ஆடுங்கள். ஒன்றரை, இரண்டு கிலோவைப் பல வாரம் எடுத்துக்கொண்டு சாப்பாட்டில் குறைக்கலாம். தண்ணீரை நிறுத்தித்தான் அந்த எடை வரும் என்றால் அது உங்கள் பிரிவே இல்லை.

2013இல் விதிகள் மாறின. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் இருந்து அதுவரை கணினி மதிப்பெண். பல வருடம் அதன் அடிப்படை இதுதான்: சுத்தமாகப் பட்ட அடிக்கு ஐந்து ஜட்ஜுகளில் குறைந்தது மூன்று பேர் ஏறக்குறைய ஒரே நொடியில் பொத்தானை அழுத்தினால் ஒரு புள்ளி. 2013இல் தொழில்முறையில் இருப்பது போல ஒவ்வொரு ரவுண்டிலும் ஜெயித்தவருக்குப் பத்துப் புள்ளி தரும் முறை வந்தது. அதே வருடம் வயது வந்த ஆண்கள் பிரிவில் ஹெட்கார்டு என்ற தலைக்கவசத்தையும் எடுத்துவிட்டார்கள். பலரும் கவலைப்பட்டார்கள். எனக்கும் அது இல்லாமல் ஆடிய இரண்டாவது பவுட்டிலேயே எதிராளியின் தலை இடித்துப் புருவம் கிழிந்து ஐந்து தையல். ஆனால் அப்போதுதான் ஒன்றை முதல்முறையாகக் காதில் வாங்கினேன். ஹெட்கார்டு வெட்டுக் காயத்தையும் வீக்கத்தையும் தடுக்கும். மூளை உள்ளே குலுங்குவதைத் தடுக்காது. பக்கவாட்டில் வருகிற ஹூக் தலையைச் சடாரென்று திருப்பும்போது மண்டைக்குள் மூளையும் திருகுகிறது. அதை வெளியே கட்டிய மெத்தை நிறுத்தாது. நாங்களோ ஹெட்கார்டு போட்டிருக்கிறோம், 16 அவுன்ஸ் கிளவுஸ் போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் ஸ்பாரிங்கில் முழு பலத்தோடு அடித்துக்கொண்டோம். வலி குறைந்தால் ஆபத்தும் குறைந்துவிட்டது என்று நம்பினோம். பெரிய கிளவுஸும் ஹெட்கார்டும் எங்களை இன்னும் அதிக ரவுண்டு ஆட வைத்தன, அவ்வளவுதான்.

இனி சொல்லப்போவதை என் மனைவியைத் தவிர யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. 2014இல் முக்கியமான போட்டிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. என் எடையில் ஆள் இல்லை என்று 75 கிலோக்காரர் ஒருவரோடு ஆடவிட்டார்கள். இரண்டாவது ரவுண்டில் அவருடைய இடது ஹூக் என் தாடையில் பட்டது. நான் விழவில்லை. வெளிச்சம் மட்டும் சட்டென்று வெளுத்தது. தொடர்ந்து ஆடினேன். "நல்லா தாங்குறான்" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. மூன்றாவது ரவுண்டும் நான்காவது ரவுண்டும் ஆடினேனாம். எனக்கு அவை ஞாபகத்தில் இல்லை. வெளியே வந்து வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே பையில் தேடிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. வந்ததும் வாந்தி எடுத்தேன். வயிறு சரியில்லை என்று அம்மாவிடம் பொய் சொன்னேன்.

மறுநாள் தலைவலி, வெளிச்சம் பட்டாலே கண் கூசியது. அதற்கடுத்த நாள் கூடத்துக்குப் போனேன். மாஸ்டர் "என்னடா ஒரு மாதிரி இருக்க?" என்று கேட்டார். "ஒன்றுமில்லை மாஸ்டர், தூக்கம் இல்லை" என்றேன். இந்த இடத்தில் நான் அவர்மேல் பழி போட முடியாது. அவர் கேட்டார், நான்தான் மறைத்தேன். சொன்னால் போட்டிக்கு அனுப்பமாட்டார் என்று பயந்தேன். அதைவிடப் பெரிய பயம், தாங்குகிறவன் என்ற பெயர் போய்விடும் என்பது. அப்போது இருந்த விதிப்படி, பவுட்டில் தலையடியால் நாக் அவுட் ஆனாலோ ரெஃப்ரி நிறுத்தினாலோ குறைந்தது 30 நாள் போட்டியும் கூடாது, ஸ்பாரிங்கும் கூடாது. மூன்று மாதத்துக்குள் இரண்டு முறை நடந்தால் மூன்று மாதம். ஓராண்டில் மூன்று முறை என்றால் ஓராண்டு. நல்ல விதி. ஆனால் போட்டி நடக்கும் இடத்து டாக்டர் பார்த்து, வீரரின் பதிவுப் புத்தகத்தில் எழுதினால்தானே அந்த விதி வேலை செய்யும்? பயிற்சியில் பட்ட அடிக்குப் புத்தகம் கிடையாது. பன்னிரண்டாம் நாள் போட்டிக்குப் போனேன். முதல் ரவுண்டிலேயே சாதாரண நேர் வலது குத்து ஒன்று பட்டது. வழக்கமாக அது எனக்கு ஒன்றுமே இல்லை. அன்று இரண்டு காலும் மடங்கிவிட்டன. நிறுத்திவிட்டார்கள். ஆம்புலன்ஸில் படுத்திருக்கும்போது நான் அழுதது தோற்றதற்காக என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நான் செத்துப்போயிருக்கக்கூடும் என்பது அந்த நேரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது, அதற்காகத்தான் அழுதேன்.

கன்கஷன் (தலையில் பட்டு மூளை அதிர்வது) என்றால் மயங்கி விழ வேண்டும் என்று நினைத்திருந்தேன். பெரும்பாலான கன்கஷனில் நினைவே தப்பாது. குழப்பம், மறதி, குமட்டல், வெளிச்சமும் சத்தமும் தாங்க முடியாமை, தள்ளாட்டம், காரணமில்லாத எரிச்சல், தூக்கம் மாறுவது, இவற்றில் ஒன்றிரண்டு போதும். ஸ்கேன் சரியாக இருக்கிறது என்பதால் கன்கஷன் இல்லை என்று ஆகாது. ஸ்கேன் பார்ப்பது ரத்தக்கசிவு, எலும்பு முறிவு போன்றவற்றுக்காக. முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி பட்டால், அது சிறிய அடியாக இருந்தாலும் மூளை வீங்கி உயிரே போகலாம். அரிது, ஆனால் நடந்திருக்கிறது, இளைஞர்களுக்குத்தான் அதிகம் நடந்திருக்கிறது. அதனால் தலையில் பட்டு ஏதாவது மாறினால் அன்றைய பயிற்சி அதோடு முடிந்தது. தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள், அன்று இரவு வீட்டில் ஒருவரிடமாவது உண்மையைச் சொல்லிவிடுங்கள். தலைவலி ஏறிக்கொண்டே போனால், திரும்பத் திரும்ப வாந்தி வந்தால், எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, கை கால் பலவீனம், இரண்டு கண்மணியும் வேறு வேறு அளவு என்று எது தெரிந்தாலும் காலை வரை காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். ஒன்றும் இல்லாவிட்டாலும் முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு. அப்புறம் நடை, மெதுவான ஓட்டம், பேக் என்று படிப்படியாக, ஒரு படிக்கு ஒரு நாளாவது. ஸ்பாரிங் கடைசிப் படி, அதுவும் மருத்துவர் சரி என்று எழுதிக் கொடுத்த பிறகுதான்.

கையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பணம் போனது அதில்தான். 2015இல் வலது நடுவிரல் முட்டி வீங்கியது. மடக்கும்போது மேலே இருக்கிற நரம்பு ஒரு பக்கமாக நழுவுவது போல 'டக்' என்று இருக்கும். பனிக்கட்டி வைத்து, இறுக்கிக் கட்டி, வலி மாத்திரை போட்டு எட்டு மாதம் ஓட்டினேன். கடைசியில் கை மருத்துவரிடம் போனபோது, முட்டிக்கு மேல் தசைநாணைப் பிடித்துவைக்கும் உறை கிழிந்திருக்கிறது என்றார். முதல் சில வாரத்தில் வந்திருந்தால் விரலை அசையாமல் கட்டிவைத்தே ஆற வாய்ப்பு இருந்திருக்கும் என்றும் சொன்னார். அறுவை சிகிச்சைக்கு என் ஐந்து மாதச் சம்பளம் போனது. மூன்று மாதம் வேலைக்குப் போக முடியாமல் அந்தச் சம்பளமும் போனது. கடனை அடைக்க ஒன்றரை வருடம் ஆயிற்று. கையைக் கட்டுவதை முதல் வருடத்திலேயே ஒழுங்காகக் கற்றுக்கொள்ளுங்கள். நாலரை மீட்டர் துணி வாங்கினால்தான் முட்டிகளின் மேல் மடித்து மெத்தை வைக்கவும், விரல் இடுக்குகள் வழியாகச் சுற்றவும், மணிக்கட்டைப் பிடிக்கவும் போதும். தேய்ந்துபோன பேக் கிளவுஸை மாற்ற யோசிக்காதீர்கள். ஒரே இடத்தில் இரண்டு வாரம் வலி தங்கினால் அது கை மருத்துவர் பார்க்க வேண்டிய வலி.

தீர்ப்பில் தோற்ற பவுட்டுகளைப் பற்றி நீளமாக எழுத ஒரு காலத்தில் எனக்கு ஆசை இருந்தது. 1988 சியோல் ஒலிம்பிக் இறுதியில் அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ் 86 அடி பதித்து, தென் கொரியாவின் பார்க் சி ஹுன் 32 பதித்ததாக எண்ணிய பவுட்டிலேயே 3–2 என்று பார்க்குக்குத் தங்கம் கொடுத்தார்கள். அதையே மனதில் வைத்துக்கொண்டு, என்னையும் ஏமாற்றிவிட்டார்கள் என்று நான்கு பவுட்டைப் பற்றிப் பல வருடம் புழுங்கினேன். பிறகு ஒரு நாள் அவற்றில் இரண்டின் வீடியோ கிடைத்தது. இரண்டிலும் நான் தோற்றிருந்தேன். தெளிவாகத் தோற்றிருந்தேன். எல்லா பவுட்டையும் படம் பிடிக்கச் சொல்லுங்கள், ஒரு வாரம் கழித்து அமைதியாக உட்கார்ந்து பாருங்கள்.

2017இல், 25 வயதில் நிறுத்தினேன். 21 வெற்றி, 13 தோல்வி. நிறுத்துகிறேன் என்று அறிவித்து நிறுத்தவில்லை. ஒரு பவுட் தோற்றேன், ஒரு வாரம் போகவில்லை, அப்புறம் ஒரு மாதம் போகவில்லை, அப்படியே நின்றுவிட்டது. பயிற்சிக்காகப் படிப்பை இரண்டாம் வருடத்தில் விட்டவன் நான். கூடப் படித்தவர்கள் வேலையில் நிலைத்துவிட்டார்கள். காலை ஐந்து மணிக்கு உடம்பு தானாக எழுந்துகொள்ளும், செய்ய ஒன்றும் இருக்காது. அந்த இரண்டு வருடம்போல வெறுமையை நான் அதற்கு முன்னும் பின்னும் அனுபவித்ததில்லை. 27 வயதில் மறுபடி படிக்கச் சேர்ந்தேன். படிப்பை விடாமல் ஆடியிருந்தாலும் அதே 21 வெற்றி எனக்கு வந்திருக்கும். காலையில் மூன்று மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம் நான் கூடத்தில் இருந்தேன். அடி படாமல் ஆடிய அந்தப் பையன் ஒரு வேளைதான் வருவான், அவன் எங்கள் எல்லோரையும்விட மேலே போனான்.

தலைவலி 2019 வாக்கில் அடிக்கடி வர ஆரம்பித்தது. பேசும்போது சொல் கிடைக்காமல் நிற்பேன். சின்ன விஷயத்துக்குக் கத்துவேன், கத்திய பிறகு வெட்கமாக இருக்கும். மனைவி ஒரு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "நீங்க இப்படி இல்லீங்க, ஏதோ ஆயிருக்கு, வாங்க போய்ப் பார்க்கலாம்" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார். அப்படித்தான் அந்த நரம்பியல் மருத்துவர் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. குத்துச்சண்டை வீரர்களிடம் வருகிற இந்த மாதிரி மாற்றங்களை 1928லேயே மார்ட்லண்ட் என்ற மருத்துவர் எழுதிவைத்திருக்கிறார் என்று அவர் சொன்னார். திரும்பத் திரும்பப் படும் அடியால் மூளை மெல்லச் சிதையும் நோய் ஒன்று உண்டு. அதை உறுதியாகச் சொல்வது இறந்த பிறகு மூளையை ஆராய்ந்தால்தான் முடியும். எனக்கு அது இருக்கிறதா என்று நான் கேட்டேன். இப்போது யாராலும் சொல்ல முடியாது, உங்கள் தொல்லைகளில் பலவற்றுக்குக் கழுத்தும் தூக்கமின்மையும் மனச்சோர்வும் காரணமாக இருக்கலாம், அவற்றுக்கு வைத்தியம் இருக்கிறது, அதைச் செய்வோம் என்றார். செய்தோம். கழுத்துக்குப் பிசியோதெரபி, தூங்கும் நேரத்தை ஒழுங்குபடுத்தியது, மனநல ஆலோசனை. எட்டு மாதத்தில் தலைவலி பாதிக்கு மேல் குறைந்தது. கோபம் குறைந்தது. பயம் மட்டும் குறையவில்லை. சாவியை எங்கே வைத்தேன் என்று மறந்தால்கூட எனக்கு உடனே 2014தான் ஞாபகம் வருகிறது. என்னைப் போல ஆடி முடித்தவர்கள் இருந்தால், எல்லாமே மூளை போனதன் அடையாளம் என்று முடிவுகட்டிக்கொண்டு தனியாக உட்காராதீர்கள். பல வருடம் நான் மருத்துவரிடம் போகாததற்கு ஒரே காரணம், அவர் என்ன சொல்லிவிடுவாரோ என்ற பயம். குணமாகக்கூடிய விஷயங்களையும் சேர்த்துத்தான் அந்தப் பயம் தள்ளிப்போட்டது.

இரண்டு வருடமாக வாரக் கடைசியில் வேறொரு கூடத்தில் பிள்ளைகள் குத்திப் பழகப் பேட் பிடிக்கிறேன். ஸ்பாரிங் ஆடுகிற பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் ஒரு சின்ன நோட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். தேதி, யாரோடு, எத்தனை ரவுண்டு, மென்மையா கடுமையா, தலையில் ஏதாவது பட்டதா, மறுநாள் எப்படி இருந்தது. அவ்வளவுதான். கடுமையான ஸ்பாரிங் போட்டிக்கு முந்திய வாரங்களில் மட்டும், அதுவும் எண்ணி. மற்ற நாட்களில் தொட்டுவிட்டு எடுக்கிற மாதிரி. முதலில் சிணுங்கினார்கள், இப்போது பழகிவிட்டது.

போன மாதம் 17 வயதுப் பையன் ஒருவனின் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை, நான்கு ரவுண்டு, கடுமை. அதற்குக் கீழே ஏதோ எழுதி, அது தெரியாதபடி பேனாவால் நன்றாக அடித்திருந்தான். தாளை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தேன். "தலைவலி, வெள்ளி காலை வரை" என்று இருந்தது. அடுத்த வாரம் அவனுக்குப் போட்டி. கையில் துணி சுற்றிக்கொண்டு எதிரே நின்றான், என் முகத்தையே பார்த்துக்கொண்டு. "ஒன்றுமில்லை மாஸ்டர், இப்ப சரியாயிடுச்சு" என்றான். நான் எதுவும் சொல்லாமல் அவன் கையிலிருந்து துணியைப் பிரிக்க ஆரம்பித்தேன். பிரித்து முடிக்கும்வரை அவன் அழுதான். அப்புறம் அவன் அம்மாவுக்குப் போன் செய்தேன்.